தேள்மீன்: ஏரியில் ஒன்று, கடலில் ஒன்று

முள்ளால் கொட்டும் ஒரு கடல்மீனை 'ஸ்கார்பியன் ஃபிஷ்' என்று செய்திகளில் அப்படியே எழுதிவிடுகிறார்கள். தேள்மீன் என்று எழுதினால் போதும். ஆனால் வேலூர்ப் பக்கம் இந்தப் பெயரைச் சொன்னால் பலருக்கும் முதலில் தோன்றுவது கடல் அல்ல, ஏரி.

காரணம் தேளி. காவேரிப்பாக்கம் மாதிரி ஏரிகள் நிறைந்த வட ஆற்காட்டில், தண்ணீர் வற்றும்போது சேற்றுக்குள் கைவிட்டு மீன் பிடிப்பவர்கள் தேளிக்குப் பயப்படுவார்கள். கெளுத்திச் சாதி, மீசை உண்டு, பக்கத் துடுப்பின் முள்ளில் நஞ்சு. பட்டால் "தேளி கொட்டிடுச்சு" என்பார்கள். தரங்கம்பாடியில் கிடைத்த மீனை வைத்து ப்ளாக் என்ற ஜெர்மானியர் 1794-இல் இதை அறிவியலில் பதிவு செய்தார். இது நன்னீர் மீன். நாம் பேசுவது கடலடியில் கிடக்கும் வேறொரு குடும்பம்.

அந்தக் குடும்பத்தின் பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே 'ஸ்கார்பியோஸ்' என்றால் தேள். அதிலிருந்து 'ஸ்கார்பைனா' என்ற மீன்பெயர். 1758-இல், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் அதன் லத்தீன் வடிவத்தைப் பேரினப் பெயராக்கினார். நம் தேள் யாரிடமும் வாங்கிய சொல் அல்ல. சித்தூர்ப் பக்கம் தெலுங்கில் தேலு, கன்னடத்தில் சேளு, எல்லாம் ஒரே வேர். முள்ளால் கொட்டும் மீனைத் தேளோடு சேர்த்துப் பார்க்க நமக்குக் கிரேக்கர் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, தேளியே சாட்சி. அதனால்தான் தேள்மீன் மொழிபெயர்ப்பு வாடை இல்லாமல் ஒட்டுகிறது.

இந்த மீனை நம் கடலிலேயே பார்த்திருக்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டம் சேதுக்கரை அருகே, கடற்புல் வெளியை ஆய்வு செய்ய இறங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் ஒரு தேள்மீனைக் கண்டார்கள். 2020-இல் செய்தி வந்தது. முதலில் அவர்கள் பார்த்தது செத்த பவளத்துண்டு மாதிரி ஒன்றை. தொந்தரவு செய்ததும் வெள்ளையாக இருந்த உடல் கறுத்தது, அப்புறம் மஞ்சளானது. இரையைத் துரத்துகிற வேலையே இதற்கில்லை. அசையாமல் கிடக்கும், பக்கத்தில் வந்ததை வாய்க்குள் உறிஞ்சிக்கொள்ளும். முதுகு முள்ளில் உள்ள நஞ்சு தற்காப்புக்குத்தான்.

இதை 'விஷ மீன்' என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. அப்படி எழுதினால் தின்றால் ஆபத்து என்றுதான் படிப்பவர் நினைப்பார். மத்தியதரைக்கடல் ஓரத்தில் தேள்மீன் வகைகளை ஆசையாகக் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆபத்து முள் குத்தும்போதுதான். தமிழில் அதற்குத் தனி வினையே இருக்கிறது: பாம்பு கடிக்கும், தேள் கொட்டும். 'கொட்டும் மீன்' என்றாலே விஷயம் முழுதும் வந்துவிடுகிறது. நஞ்சு புரதம் என்பதால் சூட்டில் சிதையும். அதனால்தான் கொட்டிய இடத்தை, தோல் வெந்துவிடாத அளவு, சுமார் 45 டிகிரி வெந்நீரில் வைக்கச் சொல்வார்கள். வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

'ஸ்டோன் ஃபிஷ்' எனப்படும் கல்மீனையும் தேள்மீன் என்றே சிலர் எழுதுகிறார்கள். நெருங்கிய சொந்தம்தான், ஆனால் அது தனி. அதன் அறிவியல் பெயரில் வரும் 'வெருகோசா' என்ற லத்தீன் சொல்லுக்கு மரு நிறைந்தது என்று பொருள். உடம்பைப் பார்த்தால் புரியும். முதுகில் 13 முட்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நஞ்சுப் பைகள். ஆளையே கொல்லக்கூடியது என்பதால் பெயரைக் கலக்காமல் இருப்பது நல்லது. தேளியும் தேள்மீனும் ஒரே கட்டுரையில் வந்தால் 'கடல் தேள்மீன்' என்று எழுதிவிடலாம். வேலூர்க்காரருக்கும் குழப்பம் வராது.