மூளை நோய்களுக்கான உலகத் திட்டம்: நோயாளிக்கு அதில் என்ன இருக்கிறது?

வலிப்பு, பக்கவாதம், மறதி நோய், பார்கின்சன், ஒற்றைத் தலைவலி என்று நரம்பு மண்டலம் சம்பந்தப்பட்ட ஏதோ ஒரு பாதிப்போடு 2021இல் உலகம் முழுக்க 340 கோடிப் பேர் இருந்தார்கள். இந்த நோய்களால் வரும் சாவும் முடக்கமும் 80 சதவீதத்துக்கு மேல் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும்தான். டாக்டர்கள் இருப்பதோ வேறு பக்கம். ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை நரம்பியல் பணியாளர்கள் என்று பார்த்தால், பணக்கார நாடுகளில் 70 மடங்கு வரை அதிகம்.

இதைச் சரிசெய்யத்தான் 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் பொதுக்கூட்டமான உலக சுகாதார சபையில் உறுப்பு நாடுகள் ஒரு செயல்திட்டத்தை ஏற்றுக்கொண்டன. வலிப்புக்கும் மற்ற நரம்பியல் நோய்களுக்கும் பொதுவான திட்டம், 2031 வரை ஓடும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதற்கு விண்ணப்பப் படிவம் கிடையாது, அட்டை கிடையாது, யார் கணக்கிலும் பணம் வராது. சட்டமும் இல்லை, அதனால் இதை வைத்து யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. ஆனால் அரசுகள் தாங்களே ஒப்புக்கொண்ட இலக்குகள் எண்ணோடும் கெடுவோடும் இதில் இருக்கின்றன. 2031க்குள் 75 சதவீத நாடுகள் நரம்பியல் நோய்களைத் தங்கள் அனைவருக்குமான மருத்துவச் சேவைப் பலன்களில் சேர்த்திருக்க வேண்டும். 80 சதவீத நாடுகளில் இந்த நோய்களுக்குத் தேவையான அடிப்படை மருந்துகளும் கருவிகளும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்க வேண்டும். வலிப்பு உள்ளவர்களின் உரிமையைக் காக்கும் சட்டங்களுக்கும் அதே 80 சதவீத இலக்குதான். நோயாளிகள் சங்கமோ, பத்திரிகையாளரோ, மக்கள் பிரதிநிதியோ "நம் நாடு எந்த இடத்தில் நிற்கிறது?" என்று கேட்க இதைவிட நல்ல பிடி கிடைக்காது.

மருந்து விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது, சரியாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும். பீனோபார்பிட்டால் 1912இலிருந்து புழக்கத்தில் இருக்கும் வலிப்பு மருந்து, மலிவானதும்கூட. ஆனால் 1971ஆம் ஆண்டின் மனமயக்கப் பொருட்கள் பற்றிய சர்வதேச ஒப்பந்தத்தில் அது கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. இறக்குமதிக்கு அனுமதி, இருப்புக் கணக்கு, லைசென்ஸ் என்று ஒவ்வொரு படியிலும் தாமதமாகி, கடைசியில் சின்ன சுகாதார நிலையத்து அலமாரி காலியாக இருக்கிறது. வலிப்பு மருந்து திடீரென நின்றால் அதுவே உயிருக்கு ஆபத்தாக முடியலாம். திட்டம் இந்தத் தடையையும் நேரடியாகத் தொடுகிறது, எனக்கு அதில் மிகவும் முக்கியமாகப் படும் இடம் இதுதான்.

அப்புறம் ஆராய்ச்சி. 2031க்குள் நரம்பியல் ஆய்வுகளின் அளவை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது இன்னொரு இலக்கு. ஆய்வு பெருகினால் மட்டும் போதாது, யாரை வைத்து நடக்கிறது என்பதும் முக்கியம். ஞாபகசக்தியைச் சோதிக்க உலகெங்கும் பயன்படும் ஒரு பழைய பரிசோதனையில், 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லச் சொல்வார்கள், ஒன்றோடொன்று குறுக்கிடும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்வார்கள். பள்ளிக்கே போகாத, பென்சிலே பிடிக்காத ஒரு பாட்டிக்கு இதில் மதிப்பெண் குறைந்தால், அது நோயா படிப்பின்மையா என்று எப்படித் தெரியும்? மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி பரிசோதனையின் மின்முனைகள் அடர்ந்த சுருட்டை முடிக்குள் தலையில் சரியாகப் பதியாததால் ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலர் ஆய்வுகளிலிருந்து விடுபட்டிருக்கிறார்கள். சோல்பிடெம் என்ற தூக்க மருந்தைப் பல வருடம் விற்ற பிறகு, அது பெண்களின் உடலிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறுகிறது என்பதால் 2013இல்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான அளவைப் பாதியாகக் குறைத்தது. ஆய்வில் இல்லாதவர்களுக்கு மருந்தளவே தவறிப்போகும் என்பது இதுதான்.

இந்த இடத்தில் இன்னும் இரண்டு ஆவணங்கள் உதவும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் நிறைவேறியது, ஏற்புறுதி செய்த நாடுகளை அது சட்டப்படியே கட்டுப்படுத்தும். அதன் 25ஆவது பிரிவு, மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில் இலவசமாகவோ கட்டுப்படியாகும் செலவிலோ சிகிச்சை தர வேண்டும், கிராமம் உட்பட மக்கள் வாழும் இடத்துக்கு முடிந்தவரை அருகிலேயே தர வேண்டும், காப்பீட்டில் பாகுபாடு கூடாது என்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு நிரந்தர முடக்கத்தோடு இருப்பவரும் இதற்குள் வரலாம்.

இன்னொன்று ஹெல்சின்கி பிரகடனம், மருத்துவ ஆய்வு நெறிகளுக்காக உலக மருத்துவச் சங்கம் வெளியிட்டது. 2024 அக்டோபரில் திருத்தியபோது, எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களை ஆய்வில் சேர்ப்பதால் வரும் தீங்கை மட்டும் பார்க்காமல், சேர்க்காமல் விடுவதால் வரும் தீங்கையும் எடைபோட வேண்டும் என்று எழுதினார்கள். மறதி நோய் உள்ளவரை "இவருக்குப் புரியாது" என்று சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. சட்டப்படியான பிரதிநிதி சம்மதம் தந்தாலும், நோயாளி தாமே விருப்பத்தையோ மறுப்பையோ சொல்லக்கூடிய நிலையில் இருந்தால் அதையும் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் மதிக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாரையாவது ஆய்வுக்கு அழைத்தால், கையெழுத்துப் போடும் முன் நன்றாகக் கேளுங்கள். பரிசோதனை அவர் பேசும் மொழியில் நடக்குமா, போக்குவரத்துச் செலவு யாருடையது, இடையில் விலகினால் வழக்கமான சிகிச்சை பாதிக்காது என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மருந்து பலன் தந்தால் ஆய்வு முடிந்த பிறகு அது தொடர்ந்து கிடைக்க என்ன ஏற்பாடு என்பதையும் முன்கூட்டியே சம்மதத்தின்போது சொல்ல வேண்டும் என்று அதே பிரகடனத்தில் இருக்கிறது.