அந்த மஞ்சள்-கறுப்பு வளையத்தை விடுங்கள்

மறுபடியும் அதே மாதிரி ஒரு வீடியோ. வயலில் நொறுங்கிக் கிடக்கிறது ஒரு போர் விமானம். மூக்குப் பகுதி மட்டும் முழுசாக இருக்கிறது. ஒரு பையன் காக்பிட்டில் ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிறான். இன்னொரு கை, தொடைகளுக்கு நடுவே இருக்கும் மஞ்சள்-கறுப்புக் கோடு போட்ட வளையத்தில். இழுத்தால் விமானியைச் சீட்டோடு வெளியே தூக்கி எறியும் கைப்பிடி அது. பல வருடம் அந்த மாதிரி எஜெக்‌ஷன் சீட் பராமரித்தவன் நான். பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

"விமானமே போய்விட்டது, கரன்ட் கிடையாது, சீட் மட்டும் எப்படி வேலை செய்யும்?" இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. விமானம் செத்த பிறகும் வேலை செய்யத்தான் ஐயா அந்தச் சீட்டையே செய்திருக்கிறார்கள்! வெடித்தோட்டா, ராக்கெட் மோட்டார் எல்லாம் அதோடேயே இருக்கின்றன. ‘ஜீரோ-ஜீரோ’ சீட் என்று பெருமையாகப் பேசுகிறோமே, அதற்கு என்ன அர்த்தம்? உயரம் பூஜ்யம், வேகம் பூஜ்யம் என்று விமானம் தரையில் நின்றாலும், பாராசூட் விரிகிற உயரத்துக்கு ஆளைத் தூக்கி எறியும் என்பதுதான். உடைந்த விமானத்தில் அது மேலேதான் போகும் என்றுகூடச் சொல்ல முடியாது. சாய்ந்திருக்கும் பக்கம் பாயும். விமானி குதித்துவிட்டாரே என்பீர்கள். சரி, இரண்டு பேர் உட்காரும் விமானமாக இருந்தால்? இன்னொரு சீட்டும் போய்விட்டதா என்று பார்த்தீர்களா?

நாங்களே, சீட் தவறி வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டி பின்களை எண்ணி, எண்ணியதை வாய்விட்டுச் சொல்லாமல் காக்பிட்டுக்குள் கால் வைக்க மாட்டோம்.

மற்றதும் லேசுப்பட்டதல்ல. எஃப்-16 விமானத்தின் அவசர மின் அமைப்பில் ஹைட்ரஸின் என்ற நச்சு எரிபொருள் இருக்கிறது. அமோனியா மாதிரி வாடை வரும். வாடை தெரிகிறது என்றாலே பாதுகாப்பான அளவைத் தாண்டியாயிற்று. 2008-இல் கட்டுப்பாடு இழந்த யுஎஸ்ஏ-193 செயற்கைக்கோளை அமெரிக்கா ஏவுகணையால் சுட்டபோது சொன்ன காரணமே, அதன் டேங்கில் இருந்த சுமார் 450 கிலோ ஹைட்ரஸின்தான். ராக்கெட் பாகம் விழுந்த இடத்தில் செம்பழுப்புப் புகை தெரிந்தால் வேடிக்கை பார்க்காதீர்கள், ஓடுங்கள். அது ராக்கெட் எரிபொருளை எரிக்க உதவும் நைட்ரஜன் டெட்ராக்சைடாக இருக்கலாம், நுரையீரலைக் கெடுக்கும். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்துக்கூட வரும். எரிந்த கார்பன் ஃபைபர் தூசியும் மூச்சில் போகக் கூடாது.

தள்ளி நில்லுங்கள், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி. சிகரெட் வேண்டாம். பிள்ளைகளை முதலில் அப்புறப்படுத்துங்கள். விமானி உயிரோடு கிடந்தால்கூட, சீட்டில் இருக்கும் எந்தக் கைப்பிடியையும் தொடாதீர்கள். மீட்புக் குழுவுக்குத் தகவல் சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஒரு துண்டை ஞாபகார்த்தமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்களா? தயவுசெய்து திருப்பிக் கொடுக்க வண்டியில் ஏற்றாதீர்கள். அப்படியே விட்டுவிட்டு, வீட்டை விட்டு வெளியே வந்து போலீஸுக்கு போன் பண்ணுங்கள். வந்து எடுப்பது எங்கள் வேலை.