மொசைக் என்றால் தரையா, ஓவியமா?

‘மொசைக்’ என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பழைய வீட்டுக் கூடத்துத் தரைதான். சிமென்டில் சலவைக்கல் துணுக்குகளைக் கலந்து வார்த்து, மெஷின் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய தரை. கட்டடக் கலையில் அதற்கு டெராசோ என்று பெயர். அதில் துணுக்குகள் விழுந்தபடி கிடக்கும், உருவம் எதுவும் இருக்காது. கல், கண்ணாடித் துண்டுகளைப் பதித்து உருவம் அமைக்கும் மொசைக் ஓவியத்தில் ஒவ்வொரு துண்டும் அதற்குரிய இடம் பார்த்து வைக்கப்படுகிறது.

‘மொசைக்’ என்ற சொல் ஆங்கிலத்துக்கு வந்தது பிரெஞ்சு வழியாக. அதற்கு முன் இத்தாலிய மொழி, அதற்கும் முன் லத்தீன். கலைகளின் தேவியராகக் கிரேக்கர் வணங்கிய மியூஸ்களோடு இச்சொல்லைத் தொடர்புபடுத்துகிறார்கள். மியூசியம், மியூசிக் இரண்டும் அந்த வேரில் முளைத்தவைதான். பைபிளில் வரும் மோசேயின் சட்டத்தைக் குறிக்கும் ‘மொசைக்’கையும் ஆங்கிலத்தில் இதே எழுத்துகளில்தான் எழுதுவார்கள் என்றாலும் அது வேறு சொல். தனித் துண்டின் பெயர் டெசெரா. ‘நான்கு’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, நாற்கரத் துண்டு என்று பொருள்.

இந்தக் கலை ஒரு நகரத்தின் பொதுவெளியில் எவ்வளவு பெரிதாக நிற்க முடியும் என்பதற்கு, மெக்சிகோ நகரத்தில் உள்ள தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் மைய நூலகத்தைத்தான் நான் எப்போதும் சொல்வேன். கட்டடக் கலைஞரும் ஓவியருமான ஹுவான் ஓ'கோர்மன் 1950களின் தொடக்கத்தில் செய்தது. நூல்களை அடுக்கும் மாடிகள் என்பதால் பெரும்பாலும் சன்னல் இல்லாத சுவர்கள். நான்கு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒரு ஏக்கர் ஓவியம். வடக்குச் சுவரில் ஸ்பானியர் வருவதற்கு முந்தைய மெக்சிகோ, தெற்கில் குடியேற்ற ஆட்சிக் காலம்.

வெயிலிலும் மழையிலும் பூச்சு வெளுத்துப்போகும். கல்லுக்கோ நிறம் உடம்பிலேயே இருக்கிறது. அதனால் நாட்டின் பல பகுதிகளிலிருந்து இயற்கை நிறக் கற்களைச் சேகரித்தார். நீலம் மட்டும் கல்லில் சரியாக அமையவில்லை, அதற்கு வண்ணக் கண்ணாடி. ‘சுவர் இருந்தால்தான் சித்திரம்’ என்போம். இங்கே சித்திரம் தரையில் பிறந்தது. முழு அளவில் வரைந்த தாளின் மேல் கற்களை முகம் கவிழ்த்து அடுக்கி, பின்புறம் கான்கிரீட் ஊற்றி, இறுகியதும் பலகை பலகையாகத் தூக்கிச் சுவரில் பொருத்தினார்கள். கவிழ்த்து அடுக்கும் இந்த முறையில் மாதிரிப் படத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும். இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் வந்து நிற்கும். அந்த நூலகம் உள்ள வளாகம் 2007-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது.

சரி, தமிழில் இதை என்ன சொல்வது? ‘சுவரோவியம்’ இடத்தைச் சொல்கிறது, செய்முறையைச் சொல்லவில்லை. கேட்பவர் தூரிகையைத்தான் நினைப்பார். தமிழில் ஓவியத்தை ‘எழுதுவோம்’. இதை எழுத முடியாது, மோதிரத்தில் கல் பதிப்பதுபோல் பதிக்க வேண்டும். அதனால் ‘பதிப்போவியம்’ எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பதிப்பு என்றாலே அச்சு என்றாகிவிட்டது, குழப்பம் வரும். ‘பல்வண்ணக் கற்பதிப்பு’ தெளிவான தொடர்தான். ஆனால் நீளம், கண்ணாடிக்கும் ஓட்டுக்கும் பொருந்தாது.

நான் பயன்படுத்துவது ‘சில்லோவியம்’. பாண்டி ஆடக் கையில் எடுத்த ஓட்டாஞ்சில்லை நினைத்துப் பாருங்கள். கல்லோ கண்ணாடியோ பீங்கானோ, உடைந்த சிறு துண்டு எதுவும் சில்லுதான். வெளிச்சுவரில் அமைந்தால் ‘சில்லுச் சுவரோவியம்’. வீட்டுத் தரை மொசைக் தரையாகவே இருக்கட்டும், கொத்தனாருக்கும் நமக்கும் அந்தப் பெயர்தான் பழக்கம்.

அப்புறம், டெசெராவுக்குத் தனியாக ஒரு சொல் தேட வேண்டியதில்லை. அதுவும் சில்லுதான்.