குளத்தில் தப்பிப் பிழைத்த இறால் தாய் இறால் ஆகாது

சீர்காழிப் பக்கத்துப் பண்ணையாளர் ஒருவர் சென்ற வாரம் ஒரு தொட்டி வனாமி (பண்ணையில் வளர்க்கும் வெளிநாட்டு இனம்) இறாலைக் காட்டி, சுற்றியிருந்த குளங்கள் எல்லாம் வெள்ளைப்புள்ளி என்னும் வைரஸ் நோயில் அழிந்தபோது இவை மட்டும் பிழைத்தன என்றும், இவற்றைத் தாயாக வைத்துக் குஞ்சு எடுத்தால் நோய் அண்டாது என்றும் சொன்னார். இந்தப் பருவத்தில் இதைச் சொல்லும் நான்காவது ஆள் அவர்.

ஐயா, பிழைத்திருப்பது வேறு, எதிர்ப்புத்திறன் வேறு. அந்தக் குளத்துக்குள் வைரஸ் நுழையாமலே இருந்திருக்கலாம். நுழைந்திருந்தால், மிகக் குறைந்த அளவில் அதை உடலில் சுமந்தபடியே இறால் நன்றாக மேய்ந்து கொழுக்கும், வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனையிலும் சிக்காமல் போகலாம். கண்ணைத் தாங்கும் தண்டை நீக்கி விரைவாக முட்டையிட வைக்கும் அயர்ச்சியில்தான் வைரஸ் பெருகிக் குஞ்சுத் தொட்டிக்கு வந்து சேரும். ஆகவே, முட்டையிடும் முன் எடுத்த ஒரே ஒரு ‘நெகட்டிவ்’ சீட்டை நம்பாதீர்கள். முட்டையிட்ட பின்னும் தாயைச் சோதியுங்கள்.

நோயை விடுங்கள், இனப்பெருக்கத்திலாவது அவை தேறுமா? அந்தத் தொட்டியின் ஆண்களைத் திருப்பிப் பார்த்தேன்: ஐந்தாம் நடைகாலின் அடியில் வெள்ளையாகத் தெரிய வேண்டிய விந்துப்பை பலவற்றில் பழுப்பேறியிருந்தது, விந்து கெடுவதன் அடையாளம் அது. பெண்ணின் முட்டையை மட்டும் எண்ணுபவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. இன்னொரு வளர்ப்பு இனமான டைகர் இறாலிலும் இதே கதைதான்: கடலில் பிடிபடும் பெரிய பெண் ஒரே இரவில் பல லட்சம் முட்டை இடும், குளத்தில் வளர்ந்த சிறிய பெண் அதில் பாதியைக்கூட எட்டாதது ஒரு குறை என்றால், இட்ட முட்டையும் சரியாகக் கருவுறாமல் போவது அதைவிடப் பெரிய குறை. வயது போதாமை, கணவாயும் கடற்புழுவும் இல்லாத தீனி, ஒரே ஈட்டில் பிறந்தவற்றையே சேர்ப்பது ஆகிய மூன்றும் இதற்குக் காரணம்.

அதற்காகக் கடலில் பிடித்த தாய் இறாலைத் தேடி ஓடவும் வேண்டாம். வெள்ளைப்புள்ளிக்கு அதுவும் ஒரு வாகனம் என்பதை 1994-95 கொள்ளைநோய்க்குப் பின் பட்டுத் தெரிந்துகொண்டோம். 2009இல் வனாமிக்கு அனுமதி வந்தபோதே, நோய் நீக்கி வளர்த்த வெளிநாட்டுத் தாய்களை சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தல் நிலையம் வழியாகவே இறக்க வேண்டும் என்று வைத்தது வீண் சம்பிரதாயம் அன்று. பதிவு பெற்ற பொரிப்பகத்தில் மட்டும் குஞ்சு வாங்குங்கள். தாய் வந்த வழிக்கான தாள்களைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அவருடைய இறால்கள் முப்பது கிராமுக்குக் குறையாது. சந்தைக்கு அனுப்பினால் நல்ல விலை கிடைக்கும், தொட்டி நீரை மட்டும் குளோரின் போடாமல் ஓடையில் விடாதீர்கள் என்றேன். இன்னும் பதில் இல்லை.