ஸ்டீராய்டு என்று தெரிந்ததும் தூக்கி எறியாதீர்கள்

மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை. பெயர் தெரியாது, சீட்டும் கிடையாது. ஓர் ஆண்டுக்கும் மேல் அந்த அம்மா அதைச் சாப்பிட்டிருக்கிறார். அது ஸ்டீராய்டு என்று யாரோ சொல்ல, மகன் பதறிப்போய் அன்றே குப்பையில் போட்டுவிட்டார். சில நாட்களில் காய்ச்சல், விடாத வாந்தி, மயக்கம். எங்கள் மருத்துவமனைக்கு வந்தபோது நாடி பிடிபடவில்லை. பிழைத்துக்கொண்டார். ஆனால் இப்படி வருகிறவர்களில் அவர் முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளாக இருக்கப்போவதும் இல்லை.

“கெடுதல் என்று தெரிந்த பிறகும் சாப்பிடச் சொல்கிறீர்களா?” என்று மகன் என்னிடம் சண்டைக்கு வந்தார். ஆமாம், அதைத்தான் சொல்கிறேன். கெட்ட மருந்தை நிறுத்தினால் நல்லதுதானே நடக்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது. சிறுநீரகங்களுக்கு மேலே உள்ள அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அதே வேலையைச் செய்யும் மருந்துதான் இந்த ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டின் 0.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, உடல் ஒரு நாளில் சுரக்கும் கார்டிசாலுக்கு ஏறக்குறைய ஈடு. வாரக்கணக்கில் வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் சுரக்கச் சொல்லும் உத்தரவை மூளை நிறுத்திவிடும், சுரப்பி சுருங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் ஓடாமல் கிடந்த கிணற்று மோட்டார், சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் இறைக்குமா? சுரப்பி பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆகும். சிலருக்கு ஓர் ஆண்டு கூட ஆகலாம்.

அந்த இடைவெளியில்தான் ஆபத்து. அழுத்தம் (ஸ்ட்ரெஸ்) என்றால் மனக்கவலை மட்டும் என்று நினைக்கிறோம். உடலுக்கோ டெங்கு காய்ச்சலும் எலும்பு முறிவும் அறுவை சிகிச்சையும் அழுத்தம்தான். அப்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு கார்டிசால் தேவைப்படும். கிடைக்காவிட்டால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோடியமும் சரியும். வெறும் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிப் பயனில்லை. சலைனோடு, கார்டிசாலையே மருந்தாகத் தரும் ஹைட்ரோகார்டிசோன் ஊசி உடனே போட்டாக வேண்டும்.

ஸ்டீராய்டைத் திட்டுவது என் நோக்கமில்லை. அதைக் கண்டறிந்தவர்களுக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது, தகுதியான பரிசுதான். என் எரிச்சல் வேறு. மைக்ரோகிராம் கணக்கில் ஸ்டீராய்டு தரும் ஆஸ்துமா இன்ஹேலரை “பழகிவிடும்” என்று மறுக்கும் அதே வீட்டில், மில்லிகிராம் கணக்கில் மாத்திரையை மிட்டாய் போல விழுங்குகிறார்கள்.

ஸ்டீராய்டு அதிகமாகி முகம் உருண்டு வயிறு பருத்தால் உறவினர்கள் “உடம்பு தேறிவிட்டது” என்பார்கள். கை கால்கள் மெலிகின்றனவா, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் தெரிகின்றனவா, லேசாகத் தொட்டாலே தோல் கன்றிப்போகிறதா என்று பாருங்கள். இரவெல்லாம் தூக்கமில்லாமல் எரிந்து விழுகிறவர்களும் உண்டு. நரம்புத் தளர்ச்சி என்று அதற்கும் ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

மருத்துவர் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு விற்பது சட்டப்படி தவறு. அட்டை இல்லாமல் உதிரியாகத் தரும் மாத்திரையை வாங்காதீர்கள். மூட்டு வலிக்குப் பெயரில்லாத பொடி தருபவரிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஏற்கெனவே சில வாரங்களாகச் சாப்பிட்டு வருகிறீர்கள் என்றால், தயவுசெய்து நீங்களாக நிறுத்த வேண்டாம், அளவைப் படிப்படியாகக் குறைப்பதை மருத்துவரிடம் விடுங்கள். நிறுத்திய பிறகும் ஓர் ஆண்டுக்கு, எந்த மருத்துவரிடம் போனாலும் ஸ்டீராய்டு சாப்பிட்டதை முதலில் சொல்லுங்கள். பல் பிடுங்கப் போனாலும் சரி.