பல்கலைக்கழக இணையதளத்துக்கு யார் பொறுப்பு?

நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இணையதளம், கணினித் துறையின் இளம் உதவிப் பேராசிரியர் ஒருவருக்குக் ‘கூடுதல் பொறுப்பாக’ வந்து சேர்கிறது. வடிவமைப்பும் பராமரிப்பும் டெண்டர் எடுத்த நிறுவனத்திடம் இருக்கும். துறைகள் அனுப்பும் சர்குலரை ஏற்ற ஆள் உண்டு, காலாவதியானதை இறக்கத்தான் ஆள் இல்லை. போன ஆண்டின் சேர்க்கை அறிவிப்பு முகப்பில் இன்னும் ஓடுவதும், அதன் பக்கத்தில் ‘நியூ’ என்ற எழுத்து மின்னுவதும் இதனால்தான்.

இதில் இரண்டு தனித் தொழில்கள் கலந்து கிடக்கின்றன. சர்வர், பாதுகாப்புத் திருத்தம், பேக்கப் எல்லாம் ஒரு தொழில். பக்கத்தில் உள்ள தேதியும் கட்டணமும் சரியா என்று பார்ப்பது இன்னொரு தொழில். முதலாவது கணினி மையத்தில் இருக்கட்டும். இரண்டாவது பதிவாளர் அலுவலகத்தின் கீழ் வர வேண்டும், ஏனென்றால் ஒரு துறைத்தலைவரிடம் ‘வெள்ளிக்கிழமைக்குள் திருத்திக் கொடுங்கள்’ என்று கேட்கும் அதிகாரம் புரோகிராமருக்குக் கிடையாது. 30 துறைகள் உள்ள பல்கலைக்கழகத்துக்கு எங்கள் கணக்கில் ஐந்து பேராவது வேண்டும்: ஒரு பொறுப்பு அலுவலர், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் திருத்தத் தெரிந்த இரு உள்ளடக்க எடிட்டர்கள், ஒரு டெவலப்பர், சர்வரையும் பாதுகாப்பையும் கவனிக்க ஒருவர்.

ஐந்து பேரே எல்லாப் பக்கங்களையும் ஏற்ற முடியாது. எல்லாம் அவர்கள் வழியாகத்தான் என்றால் சர்குலர் வரிசையில் நிற்கும், கடைசித் தேதி போய்விடும். துறைகள் பொறுமையிழந்து சொந்தமாக இலவசத் தளம் தொடங்கிவிடும். அதற்குப் பயந்து எல்லாருக்கும் அட்மின் பாஸ்வேர்டு கொடுத்தால் இன்னும் மோசம். துறைக்கு அதன் பக்கங்களை எழுதி ஏற்றும் ஒருவர், அவர் விடுப்பில் போனால் பார்க்க ஒரு மாற்று ஆள், இருவருக்கும் தங்கள் துறைப் பக்கங்களில் மட்டும் உரிமை என்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். முகப்பு, சேர்க்கை, தேர்வு, கட்டணம் ஆகிய நான்கும் மையக் குழு பார்த்த பிறகே வெளியாக வேண்டும்.

இணையதளங்களை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ‘கான்ட்ரிபியூட்டர்’ உரிமை பெற்றவர் எழுதலாம், வெளியிட முடியாது. ‘எடிட்டர்’ உரிமை பெற்றவர் அந்தத் தளத்தின் எந்தப் பக்கத்தையும் மாற்றலாம். எனவே துறைவாரியாகப் பிரிக்க ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்தும் ‘மல்டிசைட்’ முறையோ, கூடுதல் வசதி தரும் தனி பிளகினோ தேவை. இதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யாவிட்டால் பிறகு பிரிப்பது பெரும் பாடு.

பாதுகாப்பு விஷயத்தில் ‘ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) ஆள் திங்கட்கிழமை வருவார்’ என்ற நினைப்பு உதவாது. 2014 அக்டோபர் 15 அன்று, வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருளான ட்ரூபல் 7 ஒரு பெரிய ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டது. அறிவித்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தாத தளங்கள் எல்லாம் ஊடுருவப்பட்டதாகவே கருதுங்கள் என்று பிறகு ட்ரூபல் குழுவே எச்சரித்தது. அதே ட்ரூபல் 7-க்கு 2025 ஜனவரி 5-உடன் ஆதரவும் முடிந்துவிட்டது. உங்கள் தளம் எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று இன்றே கேளுங்கள்.

இப்போது அதிகம் காணும் தாக்குதல் சூதாட்ட விளம்பரப் பக்கங்களைச் செருகுவது. தேடுபொறிக்கு மட்டும் அவை தெரியும்படி அமைப்பதால், தளத்தைத் திறந்து பார்ப்பவர் கண்ணில் படாது. ஒரு தளத்துக்குள் மட்டும் தேடும் கூகுளின் தள வரம்புத் தேடலில் உங்கள் டொமைனையும் (தள முகவரி) ‘கேசினோ’ போன்ற சொற்களையும் மாதம் ஒருமுறை போட்டுப் பாருங்கள். கருத்தரங்குக்காகத் திறந்த துணை டொமைன்கள் இன்னொரு வாசல். வெளி கிளவுடில் இருந்த தளத்தை மூடிவிட்டு, முகவரியை சர்வரோடு இணைக்கும் டி.என்.எஸ். பதிவை விட்டுவைத்தால், அந்த இடத்தை வேறொருவர் எடுத்து உங்கள் பெயரில் கடை விரிக்கலாம். ஊடுருவல் தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு அறிவிக்க வேண்டும், சர்வரில் நடந்ததைப் பதிவு செய்யும் லாக் கோப்புகள் 180 நாளுக்கும் கையில் இருக்க வேண்டும் என்கிறது அதன் 2022 ஏப்ரல் உத்தரவு. இந்தத் தகவலை அனுப்புவது யார் என்பதை முன்கூட்டியே எழுத்தில் குறித்து வையுங்கள்.

சர்குலரை மொபைலில் படமெடுத்து பி.டி.எஃப். ஆக்கி ஏற்றும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். பார்வையற்ற மாணவரின் ஸ்கிரீன் ரீடர் அதில் எதையும் படிக்காது, தேடலிலும் வராது. பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டச்சு செய்து ஒட்டியதும் அப்படியே. எல்லாக் கணினிகளும் ஒரே மாதிரி படிக்கும் எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக ஏற்றுவிட்டது. யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பதைப் பக்கத்திலேயே யூனிகோடில் எழுதி, கையெழுத்திட்ட பி.டி.எஃப்.-ஐ அடியில் இணைத்தால் போதும்.

தளத்தைப் புதுப்பிக்கும்போது அழகில்தான் எல்லார் கண்ணும் போகிறது. ஆனால் பக்கங்களின் முகவரிகள் மாறிவிடுவதால், உயர்கல்வி நிறுவனங்களைத் தரமதிப்பிடும் ‘நாக்’ (NAAC) அமைப்புக்கான அறிக்கையில் கொடுத்த ஆவண இணைப்புகள் அந்த வாரத்திலேயே செத்துப்போகும். பழைய முகவரிகள் அனைத்தையும் முன்பே பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் வேலையை டெண்டரிலேயே சேருங்கள். சோர்ஸ் கோடு, டேட்டாபேஸ், அட்மின் கணக்கு ஆகியவை பல்கலைக்கழகத்துக்கே சொந்தம் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

டொமைனைத் தனியே கவனியுங்கள். ‘ஏசி டாட் இன்’ முகவரிகளை மத்திய அரசின் எர்நெட் இந்தியா அமைப்பு வழங்குகிறது. புதுப்பிப்பு நினைவூட்டல் ஓய்வுபெற்ற பேராசிரியரின் சொந்த மின்னஞ்சலுக்குப் போனால் தளமும் அலுவலக மின்னஞ்சலும் ஒரே நாளில் நின்றுவிடும். பதவியின் பெயரிலான மின்னஞ்சலில் பதிவு செய்து, அதை இருவராவது படிக்கும்படி வையுங்கள்.

ஆட்கள் மாறும்போது கணக்குகளை மூடுவதற்குப் புதிய மென்பொருள் எதுவும் வேண்டாம். இடமாற்ற ஆணையின் அடியில் ‘நகல்’ என்று வரும் பட்டியலில் இணையதளப் பிரிவையும் சேர்த்துவிட்டால், ஆணை வந்த அன்றே பழைய கணக்கை முடக்கிப் புதியவருக்குத் திறந்து கொடுக்கலாம்.