அடுப்பை அணைத்த பின் தொடங்கும் ஆபத்து

நத்தார் நெருங்கும் நாட்களில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருக்கும் உறவினர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: பன்றி இறைச்சியில் புழு இருக்குமாமே, எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும்? கொழும்பில் ஹோட்டல் சமையலறைகளின் உணவுப் பாதுகாப்பைக் கவனிப்பது என் தொழில். சிவப்புக் கோவாவுடன் மூன்று மணி நேரம் மெல்லிய தீயில் வேகும் இறைச்சிக்கு இந்தப் பயம் தேவையில்லை என்றே அவர்களுக்குச் சொல்வேன். நாடாப்புழுவின் சிறுபைகள் அந்தச் சூட்டில் தப்பிப் பிழைப்பதில்லை. நான் அஞ்சுவது அடுப்பை அணைத்த பிறகு வரும் நேரத்தைப் பற்றித்தான்.

வட ஐரோப்பாவின் குளிர்காலச் சமையலைச் சேர்ந்த இந்த உணவில் தோள்பட்டை இறைச்சி, சிவப்புக் கோவா, வெங்காயம், அப்பிள், கராம்பு, வினாகிரி ஆகியவை கனமான சட்டியொன்றில் மூடி போட்டு மெதுவாக வேகின்றன. தோள்பட்டைத் துண்டுகளை இணைக்கும் கொலாஜன் கரைந்து ஜெலற்றினாக மாறுவதற்கு நீண்ட நேரம் வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் இறைச்சி நார்நாராக வரண்டுவிடும். போறணை 150 பாகை செல்சியஸில் இருந்தால் போதும். வினாகிரியைத் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும், ஏனெனில் சிவப்புக் கோவாவுக்கு நிறம் தரும் அந்தோசயனின் புளிப்பில் சிவந்தும் புளிப்புக் குறைந்தால் நீலமாகியும் போகும். முதன்முறை செய்பவர்கள் நீலநிறக் குழம்பைக் கண்டு இறைச்சி பழுதாகிவிட்டதோ என்று கலங்குவதுண்டு. ஒரு கரண்டி வினாகிரி அந்தக் கலக்கத்தைத் தீர்த்துவிடும். வெறும் அலுமினியச் சட்டி புளிப்போடு வினைபுரியும் என்பதால் எனாமல் பூசிய சட்டியோ சில்வர் சட்டியோ நல்லது.

இந்த உணவு மறுநாள்தான் கூடுதலாகச் சுவைக்கும் என்பது உண்மை. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. முதல்நாள் இரவே சமைத்து, ஆறட்டும் என்று மூடியபடி அடுப்பிலேயே விட்டு உறங்கப் போவது நம் வீடுகளின் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படியே செய்தேன். மறுநாள் விருந்துண்ட எங்கள் வீட்டாரில் மூவருக்கு அன்றிரவு வயிற்றை முறுக்கிக்கொண்டு பேதியானது. ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவள் வீட்டில் இப்படி நடந்ததில் எனக்கு நேர்ந்த வெட்கம் கொஞ்சமல்ல.

அடுத்த முறை அதே சட்டியில், அதே அளவில் சமைத்து, நடுவில் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். இரவு 10 மணிக்கு அடுப்பை அணைத்தபோது 95 பாகை. நள்ளிரவு 12.30க்கு 62. அதிகாலை 3 மணிக்கு 45. காலை 5.30க்கும் 37 பாகைக்குக் கீழே இறங்கவில்லை. வெளியே கொழும்பின் இரவு 29 பாகையில் இருக்கும்போது, ஆறு லீற்றர் குழம்பு மூடிக்குள் வேறெப்படி ஆறும்?

குளொஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்னும் பற்றீரியாவுக்கு அந்த அதிகாலை மிக உகந்த பொழுது. அதன் வித்திகள், அதாவது உறங்குநிலையில் இருக்கும் கடினமான வடிவங்கள், கொதிநிலையையும் தாங்கி உயிர்த்திருக்கும். நீண்ட நேரம் வெந்ததில் காற்று வெளியேறிய குழம்பும், ஒட்சிசன் இல்லாத இடத்தில் வளரும் அதற்கு வாகானது. 43 முதல் 47 பாகை வரை அது மிக வேகமாகப் பெருகும். ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். குழம்பின் மணமோ சுவையோ மாறாது. உண்டு 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றுவலியும் பேதியும் வரும், பெரும்பாலும் காய்ச்சல் இராது, ஒரு நாளில் அடங்கிவிடும். முதியவர்களுக்கும் உடல் தளர்ந்தவர்களுக்கும் அது அவ்வளவு எளிதாக முடிவதில்லை.

"வினாகிரி போட்டதுதானே, கெடாது" என்று வாதிடுவோர் அம்புல் தியல் என்னும் புளி மீன் கறியை உதாரணம் காட்டுவார்கள். கொறக்காப்புளி தடித்து ஒட்டிய, நீர் வற்றிய மீன் துண்டும், அப்பிளின் இனிப்பும் நிறைய நீரும் சேர்ந்து வினாகிரி நீர்த்துப்போன இந்தக் குழம்பும் ஒன்றல்ல. காலையில் மறுபடி கொதிக்கவைத்தால் சரியாகிவிடுமா என்றால், முழுதும் கொதித்தால், வித்திகள் தப்பினாலும், இரவில் பெருகிய அந்தப் பற்றீரியா இறந்துபோகும். ஆனால் ருசி பார்த்த அகப்பையாலும் கையாலும் சேர்ந்திருக்கக்கூடிய ஸ்டஃபிலோகொக்கஸ் என்னும் இன்னொரு பற்றீரியா விட்டுச்சென்ற நஞ்சு கொதித்தாலும் அழியாது. பெரும்பாலான வீடுகளில் நடப்பதோ கொதிக்கவைப்பதல்ல, வெதுவெதுப்பாக்குவது.

எங்கள் சமையலறைகளில் நாங்கள் பின்பற்றும் அளவு, 60 பாகையிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறக்குவது. வீட்டில் இதற்கு இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. இறைச்சியைத் தனியே எடுத்து அகலத் தட்டில் பரப்பி, கோவாவையும் குழம்பையும் 5 சென்றிமீற்றர் ஆழத்துக்கு மிகாமல் பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, அவற்றை ஐஸ் கலந்த தண்ணீர்த் தொட்டியில் வைத்து அவ்வப்போது கிளறினால் ஆவி விரைவில் அடங்கும். பிறகு மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். இளஞ்சூட்டோடு உள்ளே வைத்தால் பெட்டி பழுதாகும் என்ற அச்சத்தால்தான் பலர் விடியும்வரை காத்திருக்கிறார்கள். மறுநாள் உண்ணும் அளவை மட்டும் எடுத்து, நடுத்துண்டும் 75 பாகையைத் தாண்டும்வரை சூடாக்குங்கள். வெப்பமானி இல்லாத வீட்டில், ஓரத்தில் மட்டுமன்றிச் சட்டியின் நடுவிலும் குமிழிகள் எழும்வரை பொறுத்திருங்கள்.